உறவுக்கும் பதவிக்கும் நடுவே கக்கன்

சிற்றூர்களில் அரசு வேலை ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றிவிடும். ஜவ்வாது மலை அடிவாரத்து ஒடுகத்தூரானாலும் வைகைக் கரை ஊரானாலும், பணியிடம் காலியானால், தகுதி என்ன என்று கேட்பதற்கு முன்பே, உள்ளே நமக்கு வேண்டியவர் யார் என்றே பலரும் தேடுகின்றனர். இந்தப் பழக்கத்துக்கு இடம்கொடாமல் வாழ்ந்தவர் பி. கக்கன்.

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908-ஆம் ஆண்டு கோயில் பூசாரியின் மகனாகப் பிறந்தார். 1939-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களுள் அவரும் ஒருவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையிலும் மக்களவையிலும் உறுப்பினராக இருந்தார். 1957 முதல் 1967 வரை அமைச்சராகப் பொதுப்பணி, பழங்குடியினர் நலம், வேளாண்மை, உள்துறை ஆகிய பொறுப்புகளை வகித்தார்.

அவர் உள்துறை அமைச்சராக இருந்தபோது, தம்பி விசுவநாதன் காவல்துறைப் பணிக்குத் தேர்வானார். தம்பியின் கைவிரலில் குறை இருப்பதை அறிந்த கக்கன், காவல்துறைத் தலைவரிடம் பணி ஆணை வழங்க வேண்டாம் என்று கூறிவிட்டார் என்பது அவர் வாழ்வைப் பற்றி எழுதியோர் தவறாமல் குறிப்பிடும் நிகழ்ச்சி.

உடன்பிறந்தவருக்கு இது கொடுமையல்லவா என்று கேட்கலாம். ஆனால், தேர்வு செய்த அதிகாரிகள் அமைச்சருக்குக் கீழ்ப்பட்டவர்கள். அவர் பரிந்துரைக்காவிட்டாலும் அவருடைய பெயரே பரிந்துரையாகிவிடும். கேட்காமல் வந்த சலுகையையும் மறுப்பதுதான் நடுவுநிலைமை.

அதற்காக, தகுதியுள்ள உறவினரை உறவினர் என்பதற்காகவே ஒதுக்குவதும் நீதியாகாது. உறவை வெளிப்படையாக அறிவித்து, தேர்வுக் குழுவிலிருந்து விலகி நிற்பதே முறை. வள்ளுவரும் ஆளறிந்து வினையில் அமர்த்துவதைத் 'தெரிந்து வினையாடல்' என்றும், உறவினரைப் பேணுவதைச் 'சுற்றந்தழால்' என்றும் தனித்தனி அதிகாரங்களில் வைத்தார். சுற்றத்தைத் தழுவலாம், ஆனால், பொதுப்பணத்தால் தழுவலாகாது.

1967 தேர்தலில் தோற்ற கக்கன் எளிய வாழ்வுக்குத் திரும்பினார். பின்னாளில் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சாதாரண நோயாளியாகக் கிடந்த அவரைக் கண்ட முதல்வர் எம்.ஜி.ஆர்., உதவிகளுக்கு ஆணையிட்டார். 1981 டிசம்பர் 23-இல் கக்கன் மறைந்தார்.

தம்பிக்கு மறுக்கப்பட்ட பணியிடம் பெயர் தெரியாத யாரோ ஓர் இளைஞருக்குத் திறந்தது. உள்ளே யாருமில்லாத அத்தகைய இளைஞர்கள் இன்றும் ஒவ்வோர் ஊரிலும் விண்ணப்பத்துடன் காத்திருக்கின்றனர். நியமன ஆணையில் கையொப்பமிடுவோர் முதலில் நினைக்க வேண்டியது அவர்களைத்தான்.