மூக்குக்கண்ணாடி அணிந்த வேட்டைக்காரர்

வேட்டைக்குக் கூரிய கண் வேண்டும் என்பர். ஆயினும், அமெரிக்க நாட்டு வேட்டைக்காரருள் பெரும் பெயர் பெற்ற ஒருவர் தூரத்துப் பொருளைக் காணமாட்டாத கண்ணினராய் வளர்ந்தார். அவரே அந்நாட்டின் 26ஆவது சனாதிபதியாகிய தியோடோர் றூஸ்வெல்ற்.

1858ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆந் தேதி நியூயோர்க் நகரத்துச் செல்வக்குடியொன்றிற் பிறந்த அவர், இளமையில் ஈளை நோயால் வருந்தினார். ஏறக்குறையப் பதின்மூன்று வயதில் அவர் கையில் ஒரு துவக்குக் கிடைத்தது. தோழர்கள் குறிபார்த்த பறவைகளோ அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. அதன்பின் மூக்குக்கண்ணாடி அணிந்த பொழுதுதான் உலகம் இத்துணைத் தெளிவுடையது என்பதை அவர் உணர்ந்தார்.

1884 பெப்ரவரி 14ஆந் தேதி, ஒரே வீட்டில், ஒரே நாளில், தாயும் மனைவியும் இறந்தனர். அத்துயரைச் சுமந்துகொண்டு அவர் டக்கோட்டாப் பெருவெளிக்குச் சென்று கால்நடைப் பண்ணை அமைத்தார். எல்க் என்னும் பெரிய மானினத்துக் கலைகள் இரண்டு பொருது, கொம்போடு கொம்பு பிணைந்து மீளமாட்டாது மாண்டு கிடந்த இடம் அது. அதனாலே பண்ணைக்கு எல்க்கோர்ண் என்று பெயரிட்டார்.

அந்நிலத்துக் கழுதைச்செவி மானின் கொம்பு இரண்டாய்க் கவர்த்து, ஒவ்வொரு கவரும் மீண்டும் கவர்க்கும். வெண்வால் மானின் கொம்பிலோ ஒரே தண்டிலிருந்து கிளைகள் நிமிர்ந்து எழும். உயிருள்ள கலையின் கொம்பை அளவுகோலால் அளப்பார் யார்? ஆகவே வேட்டுவர் அதன் செவியையே கோலாகக் கொள்வர். விழிப்புற்று நிற்கும் கழுதைச்செவி மானின் செவி நுனிகளுக்கிடையே ஏறக்குறைய 20 அங்குலம் உண்டு. கொம்பு இருபுறமும் செவியைக் கடந்து மும்மூன்று அங்குலம் நீண்டால், அகலம் 26 அங்குலம் எனக் கணிக்கலாம். வெண்வால் மானின் செவியகலம் அதனிற் குறைவு. இனம் அறியாதவன் கணக்குப் பிழைக்கும். முன்னின்று நோக்கினால் அகலந் தெரியும். தண்டின் நீளம் பக்கத்திருந்து நோக்கினாலே தெரியும். மெலிந்த இளங்கலையின் தலையிற் சிறு கொம்பும் பெரிதாய்த் தோன்றி மயக்கும். இவையனைத்தையும் சில நொடிக்குள் துணிதல் வேண்டும்.

இக்கணிப்பு வெறும் பெருமைக்கு உரியதன்று. மான்கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து, மென்றோல் போர்த்து மீண்டும் முளைப்பது. அதன் பருமன் வயதையும், மேய்ச்சலையும், மரபையும் பொறுத்தது. ஆகவே, கொம்பைக் கணிப்பவன் காட்டின் வளத்தையும் கணிக்கின்றான். இளங்கலையை இனங்கண்டு உயிரோடு விடவும் வல்லவனாகின்றான்.

டக்கோட்டாவில் விலங்கினம் அருகுவதைக் கண்ட றூஸ்வெல்ற், 1887இல் ஜோர்ஜ் பேர்ட் கிறின்னெல் முதலியோருடன் பூண் அன்ட் குறொக்கற் கழகத்தை நிறுவினார். 1895இல் நியூயோர்க் காட்சியொன்றிற் கொம்புகளை மதிப்பிட்ட நடுவருள் அவரும் ஒருவர். கொம்பளவுகளைத் தொகுத்த முதல் நூலை அக்கழகம் வெளியிட்டது 1932இல். பின்னர் 1950இல் அளவைமுறையொன்றையும் வகுத்தது. பசிபிக் கரையோரத்து எல்க் இனத்துக்கு 1897இல் மெரியம் என்னும் விலங்கியலறிஞர் றூஸ்வெல்ற்றின் பெயரையே சூட்டினார்.

1901இற் சனாதிபதியான அவர், பதவி நீங்குதற்கு இரண்டு நாள் முன்பாக, 1909 மார்ச் 2ஆந் தேதி, அம்மான்கள் வாழ்ந்த ஒலிம்பஸ் மலைநிலத்தைக் காப்புநிலமாக்கினார். அவ்வாண்டே ஆபிரிக்கா சென்று, மகனோடு சேர்ந்து 512 விலங்குகளைக் கொன்றார். அருங்காட்சியகத்துக்கென்றே அவற்றுட் பல கொல்லப்பட்டன எனினும், அத்தொகை நம் நெஞ்சை உறுத்தவே செய்கின்றது. காத்தவரும் அவரே, கொன்றவரும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் வரலாறாகாது.

சனாதிபதியாயிருந்த காலத்திற் குத்துச்சண்டைப் பயிற்சியொன்றில் அடிபட்டு, நாளடைவில் இடக்கண் பார்வையையும் இழந்த அவர், 1919 ஜனவரி 6ஆந் தேதி உயிர்நீத்தார். அவர் பெயர் பூண்ட மான்கள் இன்றும் ஒலிம்பஸ் காட்டில் மந்தையாய் மேய்கின்றன. கண்ணாடியின்றித் தூரத்தைக் காணமாட்டாத அம்மனிதர், தமக்குப்பின் வருவோரும் அவற்றைக் கண்ணாரக் காணும்படி செய்து சென்றார்.