நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லேன்

இக்கட்டுரை ஸ்னூக்கர் விளையாட்டை உருவாக்கிய படை அதிகாரியைப் பற்றியது. 1937 முதல் 1940 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்த ஆர்தர் நெவில் சேம்பர்லேன் வேறொருவர் ஆவார்.

சர் நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லேன் (ஜனவரி 13, 1856 - மே 28, 1944) பிரித்தானியப் படை அதிகாரியும் அயர்லாந்தின் காவல்துறைத் தலைவராகப் பணியாற்றியவரும் ஆவார். 1875 இல் ஜபல்பூரில் ஸ்னூக்கர் விளையாட்டைத் தோற்றுவித்தவராகவும், 1882 இல் உதகமண்டலத்தில் அதன் விதிகள் வரையறுக்கப்படக் காரணமானவராகவும் அறியப்படுகிறார்.

இளமைக் காலம்

சேம்பர்லேன் இங்கிலாந்தில் பிறந்தார். இவருடைய தந்தை இந்தியப் படையில் அதிகாரியாக இருந்தவர். தந்தையின் உடன்பிறந்தாரான சர் நெவில் பவுல்ஸ் சேம்பர்லேன் 1876 முதல் 1881 வரை சென்னை மாகாணப் படையின் தலைமைத் தளபதியாகப் பதவி வகித்தார். சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியில் பயின்ற இளைய சேம்பர்லேன், 1873 இல் டெவன்ஷைர் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து இந்தியாவிற்கு வந்தார்.

ஜபல்பூரில் ஸ்னூக்கர்

மழைக்காலத்தில் வெளியே செல்ல இயலாத அதிகாரிகள் தமது உணவு விடுதியிலிருந்த பில்லியர்ட்ஸ் மேசையில் பொழுதைக் கழிப்பது அக்கால வழக்கம். பிரமிடு, பிளாக் பூல் முதலிய ஆட்டங்களைப் பணயம் வைத்து ஆடினர். 1875 இல் பிளாக் பூல் ஆட்டத்தில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் வழங்கலாம் எனச் சேம்பர்லேன் யோசனை கூறினார். பதினைந்து சிவப்புப் பந்துகளுடன் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்புப் பந்துகள் முதலில் இடம்பெற்றன. நீலமும் பழுப்பும் சில ஆண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டன.

விளையாட்டின் பெயர் தற்செயலாக அமைந்தது. வுல்விச் படைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக ஸ்னூக்கர் என அழைப்பர். இதனை ஒரு விருந்தினர் மூலம் அறிந்த சேம்பர்லேன், எளிதான பந்தைத் தவறவிட்ட சக ஆட்டக்காரரை அப்பெயரால் அழைத்தார். அவர் மனம் வருந்தாதிருக்க, இவ்வாட்டத்தில் நாம் அனைவருமே புதியவர்கள்தாம் என விளக்கமும் அளித்தார். அப்பெயரே விளையாட்டுக்கு நிலைத்துவிட்டது.

உதகமண்டலத்தில்

இரண்டாம் ஆப்கானியப் போரில் தளபதி பிரடெரிக் ராபர்ட்ஸின் கீழ் சேம்பர்லேன் பணியாற்றினார். 1881 இல் ராபர்ட்ஸ் சென்னை மாகாணப் படைத் தலைமைத் தளபதியானபோது இவரும் அவருடன் சென்றார். கோடைக்காலத்தில் மாகாண அரசு உதகமண்டலத்திற்கு இடம்பெயரும். அங்குள்ள ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் விரைவில் பரவியது. ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்கங்களை நீக்கி 1882 இல் விதிகள் எழுதப்பட்டு, கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டி வைக்கப்பட்டன. 1885 இல் இந்தியா வந்த பில்லியர்ட்ஸ் வாகையர் ஜான் ராபர்ட்ஸ், சேம்பர்லேனைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்தார்.

கோலும் முனையும்

பந்தைக் குழியில் தள்ளுவது மட்டுமன்றி, அடித்த வெள்ளைப் பந்து எங்கு சென்று நிற்கிறது என்பதும் ஸ்னூக்கரில் முக்கியமாகும். இதற்குப் பந்தைச் சுழலச் செய்ய வேண்டும். கோலின் நுனியில் தோல் முனை இல்லாவிடில் இது கடினம். வெறும் மரம் பந்தில் வழுக்கிவிடும். சாக்குப்பொடி தடவிய தோலோ பந்தைப் பற்றிக்கொள்ளும். தோல் முனையை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியவர் மிங்கோ என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் எனக் கருதப்படுகிறது.

கோலின் நுனியிலுள்ள பித்தளைப் பூணின் மீது முனையை இருவகையில் பொருத்தலாம். ஒன்று பசையால் ஒட்டுவது. மற்றொன்று மரையுள்ள முனையைத் திருகிப் பொருத்துவது. திருகு முனையைச் சில நொடிகளில் மாற்றிவிடலாம். பசை காயக் காத்திருக்கவும், ஓரங்களைச் சீவவும் வேண்டியதில்லை. எனவே பலர் கையாளும் பொதுக் கோல்களுக்கும் புதிதாகப் பழகுவோருக்கும் இது வசதியானது.

ஆயினும் இதில் குறைகளும் உண்டு. தொடர்ந்து அடிக்கும்போது மரை தளர்ந்து முனை ஆடத் தொடங்கும். அடியின் ஓசையும் கைக்குக் கிட்டும் உணர்வும் மாறும். முனையின் விட்டம் பூணின் விட்டத்துடன் பொருந்தாவிடில் விளிம்பு துருத்தி நிற்கும். மரை தேய்ந்தால் பூணையே மாற்ற நேரிடும். மேலும், தோலின் வகையையும் கடினத்தையும் தெரிவு செய்யும் வாய்ப்பு திருகு முனைகளில் குறைவு. இக்காரணங்களால் போட்டியாளர்கள் பெரும்பாலும் ஒட்டு முனையையே விரும்புகின்றனர்.

பிற்காலப் பணிகள்

சேம்பர்லேன் 1890 முதல் 1897 வரை காஷ்மீர் அரசின் படைச் செயலாளராக இருந்தார். பின்னர் தென்னாப்பிரிக்கப் போரில் ராபர்ட்ஸின் தனிச் செயலாளரானார். 1900 இல் அயர்லாந்தின் அரச காவல்படைத் தலைவராக நியமிக்கப்பட்டார். 1903 இல் சர் பட்டம் பெற்றார். ஐரியத் தொண்டர் படையினர் கிளர்ச்சிக்கு ஆயத்தமாவதாக இவருடைய அறிக்கைகள் எச்சரித்தன. எனினும் ஏப்ரல் 1916 இல் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. ஐரியச் செயலர் பிரெலும் துணைச் செயலர் நேத்தனும் பதவி விலகினர். சேம்பர்லேனும் அவ்வாண்டே பொறுப்பிலிருந்து நீங்கினார்.

உரிமை கோரல்

ஸ்னூக்கர் வுல்விச்சில் பிறந்தது என 1938 இல் ஒரு கருத்து வெளியானது. அப்போது 82 வயதான சேம்பர்லேன் இதனை மறுத்து, தி பீல்டு இதழுக்கு மார்ச் 19, 1938 தேதியிட்ட கடிதம் எழுதினார். நிகழ்ச்சி நடந்து 63 ஆண்டுகள் கடந்திருந்ததால் நினைவே முதன்மைச் சான்றாக அமைந்தது. உடன் பணியாற்றிய முதிய அதிகாரிகள் சிலர் இவருக்கு ஆதரவாகச் சான்றளித்தனர். எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி 1939 இல் எழுதிய கட்டுரையில் இவருடைய கூற்றை ஏற்றுக்கொண்டார். அதன் பின்னர் இதுவே பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

மறைவு

சேம்பர்லேன் மே 28, 1944 அன்று தமது 88 ஆம் வயதில் இங்கிலாந்தில் காலமானார். இந்தியாவில் பிறந்த இவ்விளையாட்டில் உலக அமெச்சூர் பட்டத்தை முதன்முதலாக வென்ற இந்தியர் ஓம் பிரகாஷ் அகர்வால் ஆவார். அவர் வென்ற 1984 ஆம் ஆண்டுப் போட்டி, சேம்பர்லேன் தமது இறுதிப் பதவியை வகித்த அயர்லாந்திலேயே நடைபெற்றது.