நா. கோவிந்தசாமி: இணையத்தில் தமிழ் ஏற்றிய வாத்தியார்

நெட்வொர்க்ஸ் பேப்பரில் ப்ரோட்டோகால் என்றால் என்னன்னு கேட்டா, 'விதிகளின் தொகுப்பு'ன்னு எழுதி 2 மார்க் வாங்கிடுவோம். நம்ம ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு அதோட முழு அர்த்தமும் தெரியும். ஆர்டரில் வெறும் 8 என்று இருந்தால் போதாது. யு.கே. 8 வேறு, அமெரிக்க 8 வேறு. எந்த அளவுமுறை என்று இரண்டு பக்கமும் முதலிலேயே ஒத்துக்கணும். இல்லைன்னா கன்டெய்னர் பத்திரமா போய்ச் சேர்ந்தாலும் ஷூ காலில் ஏறாது.

இணையத்தில் தமிழுக்கும் இதே சிக்கல் வந்தது. அதில் இறங்கியவர் இன்ஜினியர் இல்லை. சிங்கப்பூரில் 1946-இல் பிறந்த சிறுகதை எழுத்தாளர், தமிழாசிரியர் நா. கோவிந்தசாமி. பின்னாளில் அங்கே தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார்.

சிக்கல் இதுதான். டிசிபி, பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த பைட் எந்த எழுத்து என்பது அதுக்குத் தெரியாது. ஆஸ்கி முறையில் 0 முதல் 127 வரை ஆங்கிலத்துக்குப் போயிடுச்சு. மிச்சமிருந்த 128 இடங்களில் ஒவ்வொரு ஃபான்ட் செய்தவரும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கினார். ஒருத்தர் அனுப்பிய தமிழ், வேறு ஃபான்ட் வைத்திருந்தவர் திரையில் குப்பையாக வந்தது. மெயிலில் இன்னும் மோசம். 1982-இல் வரையறுத்த எஸ்எம்டிபி 7 பிட்டுக்கு மட்டுமே உறுதி தந்தது. 8-வது பிட் வழியில் தொலைந்தால் கடிதமே போச்சு.

கோவிந்தசாமி 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவோடு சேர்ந்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறின. அதில் தமிழும் இருந்தது.

பக்கம் ஏறியதோடு அவர் நிற்கவில்லை. 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டை நடத்தி, தனித்தனியா ஃபான்ட் செய்துகொண்டிருந்த பல நாட்டுத் தமிழர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டில்தான் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின. அதே ஆண்டு மே 26-இல், 53 வயதில், கோவிந்தசாமி இறந்துபோனார்.

கடைசியில் ஜெயித்தது கணியனும் இல்லை, டாம், டாப்பும் இல்லை. யூனிகோட்தான். இன்னைக்கு நீங்க வாணியம்பாடியில் தட்டும் 'அ', யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டாகக் கிளம்பி டொரான்டோவிலும் 'அ'வாகவே இறங்குது. அதனால் அவர் உழைப்பு வீண் என்று ஆகிடாது. எந்தக் குறியீடு என்பதைவிட, எல்லாரும் ஒரே குறியீட்டுக்கு வரணும் என்பதுதான் பெரிய வேலை. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அடுத்த தடவை ப்ரோட்டோகாலுக்கு விடை எழுதும்போது, 'விதி'க்குப் பக்கத்தில் 'ஒப்பந்தம்' என்ற வார்த்தையையும் சேர்த்துக்கோங்க.