தாமஸ் கோல்ட்

தாமஸ் கோல்ட் (மே 22, 1920 – ஜூன் 22, 2004) ஆஸ்திரியாவில் பிறந்து, பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பணியாற்றிய வானியற்பியலாளர் ஆவார். அண்டத்தின் நிலைமாறாக் கொள்கையை 1948 இல் முன்வைத்தவர்களுள் ஒருவர். துடிவிண்மீன்கள் சுழலும் நியூத்திரன் விண்மீன்களே என 1968 இல் விளக்கினார். செவியே ஒலி எழுப்பக்கூடும் என இவர் கூறியது பலரும் அறியாதது. பேச்சறியாத குழந்தையின் கேள்திறனைச் சோதிக்கும் இன்றைய முறையொன்றின் அடிப்படை அக்கருத்தே.

வாழ்க்கைக் குறிப்பு

வியன்னாவில் யூதத் தொழிலதிபர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பொறியியல் பயின்றுகொண்டிருந்தபோது, 1940 இல் பகைநாட்டவர் எனத் தடுத்து வைக்கப்பட்டார். முகாமில் ஹெர்மன் பாண்டியின் நட்பு கிட்டியது. விடுதலையான பின் அதே அரசுக்காக ரேடார் ஆய்வில் ஈடுபட்டார்.

செவி பற்றிய ஆய்வு

போருக்குப் பின் விலங்கியலாளர் பம்ஃப்ரியுடன் இணைந்து கேள்புலனை ஆராய்ந்தார். காக்ளியா எனப்படும் நத்தை வடிவ உட்செவி நீர்மத்தால் நிறைந்தது. நீரில் அமிழ்ந்த தந்தியின் அதிர்வு உடனே அடங்கிவிடும். ஆயினும் செவி சுருதிகளை மிக நுட்பமாகப் பிரித்தறிகிறது. இழக்கப்படும் ஆற்றலைச் செவியே ஈடுசெய்ய வேண்டும் என்று கோல்ட் 1948 இல் எழுதினார். வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பியனுப்பும் வானொலிப் பெட்டியை அவர் ஒப்பிட்டார். திருப்பியனுப்புவது மிகுந்தால் அப்பெட்டி தானே ஊளையிடும். எனவே செவியும் சில வேளைகளில் ஒலியை வெளியிட வேண்டும். ஒலிவாங்கி கொண்டு அதைத் தேடினார். அக்காலக் கருவிகளுக்கு அது அகப்படவில்லை.

இறந்தோரின் காக்ளியாவில் அலைகளை அளந்த கியார்க் பெக்கேசிக்கு 1961 இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிரற்ற செவி ஒலியைப் பெருக்குவதில்லை என்பது பின்னரே உணரப்பட்டது. கோல்டின் கருத்து முப்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1978 இல் இலண்டனில் டேவிட் கெம்ப், செவிக்குள் குறுகிய ஒலியைச் செலுத்தி, சில மில்லிநொடிகளுக்குப் பின் எதிரொலி திரும்புவதைப் பதிவு செய்தார். வெளி மயிர்க்கலங்கள் நீண்டு சுருங்குவதை 1985 இல் வில்லியம் பிரவுனெல் காட்டினார்.

சோதனை முறை

சிறு ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் அடங்கிய முனை காதுத்துளையில் செருகப்படுகிறது. குழந்தை உறங்கினாலே போதும், பதில் சொல்ல வேண்டியதில்லை. மற்றொரு முறையில் இரு சுருதிகள் ஒருசேரச் செலுத்தப்பட்டு, காக்ளியாவில் பிறக்கும் மூன்றாவது சுருதி அளக்கப்படுகிறது. இழப்பு ஏறத்தாழ 30 டெசிபெல்லைத் தாண்டினால் செவியொலி பெரும்பாலும் தோன்றாது. செலுத்தும் ஒலியின் அளவை மாற்றி மாற்றிக் கேட்பின் எல்லையை மதிப்பிடவும் முயல்கின்றனர். செவிக்குச் செவி வேறுபடுவதால் அதைத் துல்லியமான அளவாகக் கொள்ள இயலாது. நடுச்செவியில் நீர் தேங்கினால், உட்செவி நலமாயிருந்தும் ஒலி வெளிவராது. மாறாக, நரம்புப் பழுதுள்ள குழந்தை இச்சோதனையில் தேறிவிடக்கூடும். இது பெற்றோரை எளிதில் ஏமாற்றக்கூடியது. ஆகவே மூளைத்தண்டுச் சோதனையும் தேவைப்படுகிறது.

இந்திய அரசு 2013 இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் பிறவிச் செவிடும் கண்டறிய வேண்டிய குறைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

பிற்காலம்

1959 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெட்ரோலியம் உயிரினங்களிலிருந்து உண்டானதன்று என்ற இவரது கொள்கையைப் பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கவில்லை. இதய நோயால் இத்தாக்கா நகரில் காலமானார்.