நூறு மைல் மனிதர்

பென்ட்லி என்றால் கோடீஸ்வரர் வீட்டு வாசலில் நிற்கும் கார் என்றுதான் நமக்குத் தெரியும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு ரயில்வே அப்ரண்டிஸ் என்பது பலருக்குத் தெரியாது. அவர் முழுப்பெயர் வால்டர் ஓவன் பென்ட்லி. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கூப்பிட்டது டபிள்யூ.ஓ. என்றுதான்.

1888 செப்டம்பர் 16ஆம் தேதி லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. வசதியான குடும்பம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பையனுக்குப் புத்தகத்தைவிட ரயில் இன்ஜின் மீதுதான் கண். 1905இல், 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, டான்காஸ்டரில் கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் சேர்ந்தார். அப்பா 75 பவுன் கட்டிச் சேர்த்துவிட்டார். ஐந்து வருஷம். வார்ப்படம், ஃபிட்டிங், மெஷின் ஷாப் என்று ஒன்று விடாமல் சுற்றினார். கடைசியில் ஃபயர்மேனாக இன்ஜினில் ஏறி லண்டனுக்கும் லீட்ஸுக்கும் போய்வந்தார். ஒரே நாளில் 400 மைல், அதற்கு 7 டன் கரி அள்ளிப் போட வேண்டும். நாமெல்லாம் மெஷின் ஷாப்பில் மூன்று மணி நேரம் நின்றாலே கால் வலிக்குது என்கிறோம்!

ரயில்வேயில் சம்பளம் குறைவு, மேலே போகவும் வழி தெரியவில்லை. 1910இல் வெளியே வந்தார். கொஞ்ச நாள் மோட்டார் சைக்கிள் பந்தயம், கொஞ்ச நாள் லண்டன் டாக்சி கம்பெனியில் பராமரிப்பு வேலை. 1912இல் அண்ணனோடு சேர்ந்து டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சுக் காரை விற்கிற கடையை எடுத்தார். மறுவருஷம் அந்த ஃபேக்டரிக்குப் போனபோதுதான் மேஜையில் ஒரு பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். பிஸ்டன் வடிவில் வார்த்த அலுமினியம். அந்தக் காலத்தில் பிஸ்டன் என்றால் வார்ப்பிரும்புதான். அலுமினியம் உருகிவிடும், சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும் என்று எல்லாரும் பயந்தார்கள். இவர் 12 சதவீதம் செம்பு கலந்து பிஸ்டன் வார்க்கச் சொல்லி, அதைப் போட்டுக்கொண்டு புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் சாதனைகளை முறியடித்தார். பிஸ்டன் லேசாக இருந்தால் ஆர்.பி.எம். ஏற்றலாம், வெப்பத்தையும் சீக்கிரம் கடத்தும். நமக்கு இன்று இது இரண்டு மார்க் கேள்வி. அன்று அது தொழில் ரகசியம்.

1914இல் உலகப்போர் வந்தது. அந்த ரகசியத்தை டபிள்யூ.ஓ. கையில் வைத்துக்கொள்ளவில்லை, கடற்படையிடம் போய்ச் சொன்னார். அவர்கள் இவரை அனுப்பிய இடங்களில் ஒன்று டார்பியில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ். அவர்களுடைய ஈகிள் விமான இன்ஜினில் அலுமினியம் பிஸ்டன் ஏறியது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இவரே வடிவமைத்த பி.ஆர்.1 இன்ஜின் சாப்வித் கேமல் சண்டை விமானத்தில் பறந்தது.

போர் முடிந்ததும் 1919இல் சொந்தக் கம்பெனி. பேக்கர் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில் ஒரு ஷெட்டில் முதல் 3 லிட்டர் இன்ஜினை ஓடவிட்டார்கள். நாலு சிலிண்டர், மேலே கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நாலு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். சிலிண்டருக்கு நாலு வால்வு என்று இன்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது 1919இல்! 1921இல் கிரிக்கிள்வுட் ஃபேக்டரியிலிருந்து வண்டிகள் வெளிவந்தன. சேஸுக்கு ஐந்து வருஷம் கேரண்டி.

1923இல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் முதல்முறையாக நடந்தது. எந்தக் கார் 24 மணி நேரம் முழு வேகத்தில் தாங்கும், இது பைத்தியக்கார வேலை என்றுதான் டபிள்யூ.ஓ. நினைத்தார். ஜான் டஃப் என்பவர் தன் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போனார், பின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக். கல் பட்டு விளக்கு உடைந்தது, பெட்ரோல் டேங்க் ஓட்டையானது. அப்படியும் நாலாவது இடம். பார்த்துக்கொண்டே நின்ற டபிள்யூ.ஓ. மனசு மாறிவிட்டார். நாலு சக்கரத்துக்கும் பிரேக் வந்தது. 1924இல் முதலிடம். அப்புறம் 1927, 1928, 1929, 1930 என்று வரிசையாக நாலு தடவை. 1927இல் ஒரு வளைவில் மூன்று பென்ட்லிகளும் ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொண்டன. சேஸ் வளைந்துபோன ஒரே ஒரு வண்டி தட்டுத்தடுமாறி ஓடியே ஜெயித்தது.

நான் சொல்ல வந்தது ரேஸ் காரைப் பற்றி அல்ல. குடும்பத்தோடு நாலு கதவு செடானில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே பறக்கலாம் என்று காட்டியவர் இவர். 1924இல் லியோன் பந்தயத்துக்காக பிரான்சில் புதிய ஆறு சிலிண்டர் மாடலை மாறுவேஷத்தில் ஓட்டிப் பார்த்தபோது, ஒரு சாலைச் சந்திப்பில் இன்னொரு மர்மக் கார் எதிர்ப்பட்டது. அதுவும் மாறுவேஷத்தில் வந்த புது ரோல்ஸ் ராய்ஸ்! இரண்டு பேரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். விடுவார்களா? பக்கத்துப் பக்கத்தில் புழுதி பறக்க ஓட்டினார்கள். ரோல்ஸ் ஓட்டியவரின் தொப்பி பறந்து அவர் நிறுத்தும்வரை யாரும் முந்தவில்லை. இரண்டும் சமம் என்பது டபிள்யூ.ஓ.வுக்குப் போதவில்லை. ஊருக்கு வந்து இன்ஜினை 6½ லிட்டராகப் பெரிதாக்கினார்.

அந்த 6½ லிட்டரில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேலே இருக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்ற செயினோ கியரோ போட்டால் சத்தம் வரும். இவர் எக்சென்ட்ரிக் வைத்து மூன்று ராடுகளால் சுழற்றினார். நீராவி இன்ஜின் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டும் கப்ளிங் ராட் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே தத்துவம். டான்காஸ்டர் பட்டறை அப்படியே கார் பானட்டுக்குள் வந்துவிட்டது.

பவர் கூட்டுவது எப்படி என்பதில்தான் பெரிய சண்டை. கம்பெனியில் பணம் இல்லை. கிம்பர்லி வைரச் சுரங்கச் சொத்துக்கு வாரிசான வுல்ஃப் பார்னடோ 1926இல் முதல் போட்டுத் தலைவரானார். டபிள்யூ.ஓ. தன் பெயர் போட்ட கம்பெனியிலேயே சம்பளக்காரர். பந்தய ஓட்டுநர் டிம் பிர்க்கின், 4½ லிட்டர் இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர் மாட்ட வேண்டும் என்றார். 110 குதிரைத்திறன் இன்ஜின், ரேஸ் வண்டியில் 240 கொடுத்தது. டபிள்யூ.ஓ.வுக்குப் பிடிக்கவே இல்லை. காற்றைத் திணித்தால் சூடு ஏறும், பிளக் எரியும், பெட்ரோல் குடிக்கும். பவர் வேண்டுமானால் சி.சி.யைக் கூட்டு என்பது அவர் கட்சி. பார்னடோ பிர்க்கின் பக்கம் சாய்ந்தார். 1930 லெ மானில் பிர்க்கினின் வண்டி மெர்சிடிஸை விரட்டு விரட்டு என்று விரட்டியது. மெர்சிடிஸும் நின்றது, சூப்பர்சார்ஜர் பென்ட்லிகளும் நின்றன. முதலும் இரண்டாவதுமாக வந்தவை சூப்பர்சார்ஜர் இல்லாத ஸ்பீட் சிக்ஸ் வண்டிகள். போஸ்டரில் இன்றும் எல்லாரும் ஒட்டுவது என்னவோ தோற்ற வண்டியைத்தான்!

அதே 1930 மார்ச்சில் பார்னடோ ஸ்பீட் சிக்ஸ் செடானில் பந்தயம் கட்டினார். கானிலிருந்து கலே போகும் நீல ரயிலோடு போட்டி. ரயில் கலே போய்ச் சேர 4 நிமிஷம் இருக்கும்போதே, இவர் கடல் தாண்டி லண்டனில் தன் கிளப் வாசலில் நின்றார்.

அந்த அக்டோபரில் ஒலிம்பியா கண்காட்சியில் வந்ததுதான் 8 லிட்டர். போர் 110 மி.மீ., ஸ்ட்ரோக் 140 மி.மீ., ஆறு சிலிண்டர். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 7983 சி.சி. வரும். எவ்வளவு கனமான பாடி கட்டினாலும் 100 மைல் வேகம், அதாவது மணிக்கு 160 கி.மீ., சத்தமில்லாமல் போக வேண்டும் என்பது டபிள்யூ.ஓ. போட்ட கணக்கு. இரண்டரை டன் வண்டி அதைச் செய்துகாட்டியது. சேஸ் மட்டும் 1850 பவுன்.

போட்டிக்கு நின்றது 1929இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 2. அதுவும் ஆறு சிலிண்டர்தான், 7.7 லிட்டர். ஆனால் வால்வைத் தள்ள புஷ் ராட். குதிரைத்திறன் எவ்வளவு என்று ரோல்ஸ்காரர்கள் வெளியில் சொல்லும் வழக்கமே இல்லை. பென்ட்லியில் மேல்கேம், நாலு வால்வு, 200 குதிரைத்திறனுக்கு மேல். வேகத்தில் ரோல்ஸ் பக்கத்தில் வரமுடியாது. கையாளுவது எப்படி? இரண்டிலுமே முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்தான், நம் லாரி மாதிரி. டபிள்யூ.ஓ. சேஸ் சட்டத்தை நடுவில் கீழே வளைத்து இறக்கினார். எடை தாழ்ந்தால் வளைவில் வண்டி சாயாது. நாலு சக்கர பிரேக்குக்கும் வேக்குவம் சர்வோ உதவி. அமைதியில் யாரும் அசைக்க முடியாது என்றிருந்த ரோல்ஸின் வீட்டு வாசலுக்கே போய்க் கதவைத் தட்டிய கார் இது என்பது என் கருத்து.

நேரம்தான் சரியில்லை. 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்து உலகமே மந்தத்தில் இருந்தது. 100 வண்டிதான் செய்தார்கள். 1931 ஜூலையில் பார்னடோ கையை விரித்தார், கம்பெனி திவால். நேப்பியர் கம்பெனி வாங்குவதாகப் பேச்சு முடிந்து, டபிள்யூ.ஓ. அவர்களுக்காகப் புதுக் காரே வரைய ஆரம்பித்துவிட்டார். கடைசி நேரத்தில் ஒரு டிரஸ்ட் பெயரில் யாரோ அதிக விலை கேட்டு வாங்கிவிட்டார்கள். யார் என்று பிறகுதான் தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸ்! எந்தக் கம்பெனிக்குப் பிஸ்டன் ரகசியம் சொல்லிக் கொடுத்தாரோ, அதே கம்பெனி. கையோடு 8 லிட்டரையும் நிறுத்தினார்கள். டபிள்யூ.ஓ.வின் வேலை ஒப்பந்தமும் சாமான்களோடு சேர்ந்து கைமாறியது.

ஹென்றி ராய்ஸ் இவரைச் சந்தித்தபோது, நீங்கள் வியாபாரம் பார்ப்பவர்தானே, இன்ஜினியர் இல்லையே என்கிற மாதிரி கேட்டார். டபிள்யூ.ஓ. கோபப்படவில்லை. நீங்கள் பீட்டர்பரோவில் கிரேட் நார்தர்ன் ஷெட்டில் பையனாக இருந்தீர்கள், அதே ரயில்வேயில் நான் டான்காஸ்டரில் அப்ரண்டிஸ் என்று ஞாபகப்படுத்தினார். ராய்ஸ் சின்ன வயதில் பேப்பர் விற்றவர். அத்தை கட்டிய பணம் தீர்ந்துபோனதால் அப்ரண்டிஸ் படிப்பைப் பாதியில் விட்டவர். ஃபீஸ் கட்டும் தேதி வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு ராய்ஸ் மீதும் கோபம் வராது. ஆனாலும் அந்தக் கேள்வி கேட்டிருக்க வேண்டாம்.

ரோல்ஸில் இவருக்கு வரைபலகை கொடுக்கவில்லை. கார்களை ஓட்டிப் பார்த்துக் குறை நிறை சொல்வதுதான் வேலை. 1933இல் தன் பெயரில், தான் வரையாத 3½ லிட்டர் பென்ட்லி வந்தது. அதை ஓட்டிப் பார்த்து நல்ல கார் என்று நேர்மையாகச் சொன்னார். நாமாக இருந்தால் சொல்லியிருப்போமா?

1935இல் ஒப்பந்தம் முடிந்ததும் லகோண்டாவுக்குப் போய்விட்டார். மறுபடி வரைபலகை! 4480 சி.சி., வி12, 180 குதிரைத்திறன். இந்தத் தடவை முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், டார்ஷன் பார் வைத்து. 8 லிட்டரில் பாதிக்குச் சற்றே மேலான இன்ஜின், அதே நூறு மைல். 1938இல் ஏர்ல் ஹோ அந்த செடானை புரூக்லாண்ட்ஸில் ஓட்டி, நடுவில் டயர் மாற்றியும்கூட ஒரு மணியில் 101.5 மைல் ஓடினார். 1939 லெ மானில் வி12 லகோண்டாக்கள் மூன்றாவதும் நாலாவதும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 2.6 லிட்டர் இன்ஜின் ஒன்று வரைந்தார். அந்தக் காருக்குத் தன் பெயரைச் சேர்க்கப் பார்த்தபோது ரோல்ஸ் ராய்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தது. சொந்தப் பெயரைப் போட உரிமை இல்லை! 1947இல் டேவிட் பிரவுன் லகோண்டாவை வாங்கியதே முக்கியமாக அந்த இன்ஜினுக்காகத்தான். 1950இல் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2 ஓடியது அந்த இன்ஜினில்.

கடைசிக் காலத்தில் டபிள்யூ.ஓ. ஓட்டியது ஒரு மோரிஸ் மைனர். நம் அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தம்பி மாதிரியான சின்ன வண்டி. 1971 ஆகஸ்ட் 13ஆம் தேதி காலமானார். கம்பெனியில் இருந்தபோது அவர் ஓட்டிய 8 லிட்டர் செடானை பென்ட்லி கம்பெனி தேடி 2006இல் திரும்ப வாங்கியது. அது இன்னும் ஓடும் நிலையில்தான் இருக்கிறது.