வானில் வழி அமைத்தவர்

ஒரு தொழிலில் இருவர் போட்டியிட்டால் வாடிக்கையாளருக்கு நன்மை விளைகிறது. கட்டணம் குறைகிறது, பணி செம்மையுறுகிறது. ஆனால் நால்வர் பிழைக்கக்கூடிய தொழிலில் பதின்மர் இறங்கினால் என்ன ஆகும்? இந்திய உள்நாட்டு வான்போக்குவரத்து 1946 முதல் 1953 வரை இந்த வினாவை நேரடியாக எதிர்கொண்டது. அப்போராட்டத்தின் நடுவில் நின்றவர் ஜே.ஆர்.டி. டாடா. அவருடைய வாழ்வு, போட்டியில் வெல்வது எப்படி என்பதோடு, தோற்றபின் நடந்துகொள்வது எப்படி என்பதையும் உணர்த்துகிறது.

இளமையும் கனவும்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ரத்தன்ஜி தாதாபாய், தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடாவின் உறவினர். தாயார் சூசான் பிரெஞ்சு நாட்டவர். குடும்பத்தார் கோடைக்காலத்தில் தங்கும் பிரெஞ்சுக் கடற்கரைப் பகுதியில், ஆங்கிலக் கால்வாயை வானூர்தியில் முதலில் கடந்த லூயி பிளேரியோவுக்கும் ஒரு வீடு இருந்தது. அங்குக் கடற்கரை மணலில் வந்திறங்கிய வானூர்திகளைக் கண்ட சிறுவனின் உள்ளத்தில் பறக்கும் ஆசை வேரூன்றியது.

மும்பையில் பறக்கும் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டதும் அவர் அதில் சேர்ந்தார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவருக்கு விமானி உரிமம் வழங்கப்பட்டது. இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமங்களில் அதன் எண் 1.

போட்டியாளருக்கு நீட்டிய கை

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறந்து கடக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் ஒரு பரிசை அறிவித்திருந்தார். 1930இல் ஜே.ஆர்.டி. இந்தியாவிலிருந்து புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். இருவரும் எகிப்து நாட்டின் அபுகீர் என்னுமிடத்தில் சந்திக்க நேர்ந்தது. ஆஸ்பி அங்கேயே தங்கிக் கிடந்தார். அவருடைய வானூர்திப் பொறிக்கு மாற்று ஸ்பார்க் பிளக்குகள் தேவைப்பட்டன. ஜே.ஆர்.டி. தம்மிடமிருந்தவற்றை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தம் வழியே பறந்தார். முடிவில் சில மணி நேர வேறுபாட்டில் பரிசை வென்றவர் ஆஸ்பி. அவரே பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார்.

இரண்டு சிறு வானூர்திகள்

அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வரும் வான்வழி அஞ்சல் கராச்சி வரை வந்து, அங்கிருந்து தொடர்வண்டியில் தெற்கு நோக்கிச் சென்றது. அந்த அஞ்சலை மும்பைக்கும் சென்னைக்கும் வான்வழியே கொண்டு செல்லலாம் என்னும் திட்டத்தைப் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிய நெவில் வின்சென்ட் வகுத்தார். ஜே.ஆர்.டி. அதனைத் தம் நிறுவனத் தலைமையிடம் எடுத்துச் சென்று ஒப்புதல் பெற்றார். அரசு மானியம் தர இசையவில்லை. எனினும் சுமக்கும் அஞ்சலுக்குரிய கட்டணமே போதும் என்று துணிந்து, ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய் முதலீட்டில் பணி தொடங்கப்பட்டது.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் காலையில், ஒற்றைப் பொறி கொண்ட 'புஸ் மாத்' வானூர்தியில் அஞ்சல் பைகளுடன் ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். வழியில் அகமதாபாத்தில் மாட்டுவண்டியில் வந்த தகரங்களிலிருந்து எரிபொருள் நிரப்பப்பட்டது. மும்பை ஜூஹுவில் அஞ்சலைப் பெற்றுக்கொண்ட வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கி மறுநாள் சென்னையை அடைந்தார். மழைக்காலத்தில் ஜூஹு களம் நீரில் மூழ்கிவிடும். அப்போது வானூர்திகள் புனேயிலிருந்து இயங்கின. இத்தனை இடர்களுக்கிடையிலும் அஞ்சல் காலந்தவறாமல் சென்றது. அந்த ஒழுங்கே நிறுவனத்தின் முதல் விளம்பரமாயிற்று.

நெரிசலான வானம்

1933இல் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் தோன்றியது. இரு நிறுவனங்களும் தத்தம் வழித்தடங்களில் வளர்ந்தன. 1946இல் டாடா ஏர்லைன்ஸ் பொதுப்பங்கு நிறுவனமாகி 'ஏர் இந்தியா' என்னும் பெயர் பெற்றது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நிலைமை மாறியது. போரில் பயன்பட்ட டகோட்டா வானூர்திகள் மலிவு விலையில் விற்பனைக்கு வந்தன. முதலீட்டாளர் பலர் அவற்றை வாங்கினர். புதிதாக அமைக்கப்பட்ட உரிமம் வழங்கும் வாரியம் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அனுமதி அளித்தது. நாட்டுப் பிரிவினையின்போது மக்களை ஏற்றிச் செல்லும் பணி சிறிது காலம் அனைவருக்கும் கிடைத்தது. அது முடிந்ததும் இருக்கைகள் காலியாயின.

வான்போக்குவரத்தின் இயல்பு தனித்தன்மையானது. விற்காத துணியை மறுநாள் விற்கலாம்; காலியாகப் பறந்த இருக்கையை மீண்டும் விற்க இயலாது. பயணியர் ஐவராயினும் இருபதின்மராயினும் எரிபொருள், விமானி ஊதியம், பராமரிப்பு ஆகிய செலவுகள் பெரிதும் குறைவதில்லை. எனவே ஒரே அளவு பயணியரைப் பலர் பங்கிட்டபோது எவருக்கும் செலவு ஈடாகவில்லை. அம்பிகா ஏர்லைன்ஸ், ஜூபிடர் ஏர்வேஸ் ஆகியவை மூடப்பட்டன. அளவின்றி உரிமம் வழங்கியதே இந்நிலைக்குக் காரணம் என்று ஜே.ஆர்.டி. வெளிப்படையாகக் குறை கூறினார்.

1949 ஜனவரியில் இரவு வான்அஞ்சல் திட்டம் தொடங்கியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் வானூர்திகள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, அஞ்சலை மாற்றிக்கொண்டு திரும்பின. இரவில் தரையிறங்கும் வசதிகள் போதாத நிலையில் இது முதிராத முயற்சி என்று ஜே.ஆர்.டி. எதிர்த்தார். பணியை முதலில் ஏற்ற நிறுவனம் விரைவில் தளர்ந்தது. வேறு நிறுவனம் அதனைத் தொடர்ந்தது. ஆயினும் அத்திட்டம் நிலைபெற்றுப் பல்லாண்டுகள் மக்களுக்குப் பயன்பட்டது. ஜே.ஆர்.டி.யின் கணிப்பு இதில் முழுமையாகப் பலிக்கவில்லை.

நாட்டுடைமையும் அதன்பின்னும்

நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான குழு 1950இல் இத்துறையை ஆராய்ந்தது. நாட்டின் போக்குவரத்தை நான்கு நிறுவனங்களே ஏற்று நடத்தலாம் என்பது அதன் கருத்து. ஆனால் நிறுவனங்கள் தாமாக இணையவில்லை. இழப்பில் இயங்கும் நிறுவனங்களுக்கு மக்கள் பணத்தை மானியமாக அளிப்பதைவிட, அனைத்தையும் அரசே ஏற்பது தக்கது என்று அரசு முடிவு செய்தது. 1953இல் சட்டம் இயற்றப்பட்டது. எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் 'இந்தியன் ஏர்லைன்ஸ்' என ஒன்றாயின. 1948இல் ஜே.ஆர்.டி. தொடங்கிய வெளிநாட்டுச் சேவையும் அரசின் கழகமாயிற்று.

தம்மைக் கலந்து பேசாமல் முடிவெடுக்கப்பட்டதாக ஜே.ஆர்.டி. வருந்தினார், பிரதமர் நேருவிடம் அவ்வருத்தத்தை மறைக்கவுமில்லை. எனினும் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் கழகத்தின் தலைமைப் பொறுப்பை அரசு அளித்தபோது மறுக்கவில்லை. ஊதியம் பெறாமல் கால் நூற்றாண்டு அப்பணியை ஆற்றினார். பயணம் செய்யும்போதெல்லாம் உணவு, இருக்கை, திரைச்சீலை, தூய்மை என ஒவ்வொன்றையும் நோக்கிக் குறிப்பெழுதி அனுப்புவார். உள்நாட்டில் போட்டி நீங்கியது. உலக வழித்தடங்களிலோ பெரும் நிறுவனங்களோடு மோத வேண்டியிருந்தது. பயணியை மதிக்கும் பண்பே அங்கு அவர் ஏந்திய கருவி. 1978இல் அவர் அப்பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். 1980இல் இயக்குநர் குழுவில் மீண்டும் இடம்பெற்றார். 1982இல், 78ஆம் வயதில், கராச்சியிலிருந்து மும்பைக்குச் சிறு வானூர்தியைத் தாமே ஓட்டித் தம் முதற்பயணத்தின் பொன்விழாவைக் கொண்டாடினார்.

1992இல் பாரத ரத்னா விருது பெற்ற ஜே.ஆர்.டி., 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் மறைந்தார். மறு ஆண்டே 1953ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, தனியார் நிறுவனங்கள் உள்நாட்டு வானில் மீண்டும் போட்டியிட வழி பிறந்தது. அவற்றுள் சில வளர்ந்தன. சில கடன் சுமையால் வீழ்ந்தன. ஏர் இந்தியா 2022இல் டாடா குழுமத்திடமே திரும்பியது. போட்டிக்கு எல்லை வகுப்பது யார், எங்கே என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆயினும், போட்டியாளருக்குத் தம் கருவியைக் கொடுத்தவரும், தம் உடைமை கைமாறிய பின்னும் அதன் தரத்தைக் காத்தவருமான ஒருவர் அத்துறையின் முதல்வராக விளங்கினார் என்பது இந்திய வானுக்கு வாய்த்த பேறு.