யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தேடியவர்

நான் வேலணையில் பிறந்தவன். எங்கள் வளவுக் கிணறு உவர். குடிதண்ணீருக்குச் சாட்டிக்குத்தான் போக வேண்டும். சைக்கிள் கரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு போன நாட்கள் பல. 1990இல் தீவை விட்டு வெளியேறி, பிறகு வன்னிக்குப் போன காலத்தில்தான் இரணைமடுவைக் கண்டேன். மாரி நாள், குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நன்னீரும் எங்கே போகிறது என்று கேட்டேன். ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு, அங்கிருந்து கடலுக்கு என்றார்கள்.

அந்தக் கேள்வியை எனக்கு முன்பே ஒருவர் கணக்காகப் போட்டிருந்தார் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அவர் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். 1905இல் பிறந்தவர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிரதிப் பணிப்பாளர் வரை உயர்ந்தவர். இலங்கையின் நீர்வளம் பற்றி 1969இல் அவர் எழுதிய ஆங்கில நூல் இன்றும் பொறியியலாளர்கள் புரட்டும் நூல்.

1954இல் அவர் முன்வைத்த திட்டம் இதுதான். கனகராயன் ஆற்றை இரணைமடு மறிக்கிறது. வயலுக்கு வேண்டியது போக வான் பாய்வது ஆனையிறவில் சேர்கிறது. சுண்டிக்குளத்தில் அணை கட்டி அதைத் தேக்கினால் ஏரி மெல்ல நன்னீராகும். முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் அதைக் கொண்டுபோகலாம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் கடல்நீரைத் தடுக்கும். குடாநாட்டுக் கிணறுகள் இனிக்கும். இப்படி அவருக்கு முன்பும் சிலர் நினைத்ததுண்டு. முழுத் திட்டமாக்கியவர் அவர்.

1960களில் வேலை தொடங்கியது. ஆனால் சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் பாதியில் நின்றது. பிறகு போர் வந்தது. அவர் ஈழத்துக் கோயில்களைப் பற்றியும் இலங்கைத் தமிழரின் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதித் தொகுத்தார். 2000இல் காலமானார். வாய்க்கால் முடிந்ததை அவர் காணவில்லை.

போருக்குப் பின் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் பேச்சு எழுந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் அஞ்சினார்கள். அவர்களது அச்சம் நியாயமானது. அந்த வயல்களின் அரிசியை உண்டு உயிர் பிழைத்தவர்களில் நானும் ஒருவன். ஆறுமுகம் கேட்டது வயலின் தண்ணீரையல்ல, வான் பாய்ந்து போகும் தண்ணீரை. எது வயலுக்குரியது, எது மிச்சம் என்று சொல்ல ஆற்றின் கணக்கு வேண்டும். எந்த ஆண்டு எத்தனை நாள் வான் பாய்ந்தது, எவ்வளவு உயரத்தில் பாய்ந்தது என்ற பதிவு வேண்டும். 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியபோதும் அந்தக் கணக்கைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

அவருடைய வாய்க்கால் தீவுகள் வரை வராது என்பது எனக்குத் தெரியும். குடாநாட்டு நிலத்தடி நீர் பெருகினால், குழாயிலாவது வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் வந்து சேரும். நெடுந்தீவும் நயினாதீவும் அதற்கும் அப்பால், கடல் கடந்து கிடக்கின்றன. இன்றும் மாரியில் இரணைமடு வான் பாயும் செய்தி வந்தால், எத்தனை அடி என்றுதான் முதலில் பார்ப்பேன்.